சாயத்தைக் காட்டிக்கொடுத்த ராமனின் ஒளி

சிராங்கூன் சாலைக் கடைகளில் லட்டும் ஜிலேபியும் கண்ணைப் பறிக்கின்றன. அந்த நிறம் பாதுகாப்பானதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அதை அறிய ஒரு வழி வகுத்தவர் தமிழர், சர் சி.வி.ராமன்.

திருச்சி திருவானைக்காவலில் 1888ல் பிறந்த ராமன், கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரியாக இருந்தார். அலுவலக நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1917ல் அப்பதவியை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார்.

1921ல் கப்பலில் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கே.எஸ்.கிருஷ்ணனுடன் உழைத்து, 1928 பிப்ரவரி 28ல் விடை கண்டார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறுபகுதி நிறம் மாறுகிறது. அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுகிறது. 1930ல் நோபெல் பரிசு கிடைத்தது.

கைரேகை போன்ற அந்த மாற்றம், உணவில் கலந்தது எந்தச் சாயம் என்று காட்டும். சிதறும் ஒளியின் வலிமையைக் கொண்டு அதன் அளவையும் கணக்கிடலாம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயத்தை நுண்ணிய அளவிலும் இம்முறை கண்டுபிடிக்கிறது. அச்சாயம் கலந்திருந்ததால்தான் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. சிங்கப்பூரிலும் அனுமதிக்கப்பட்ட சாயங்களை மட்டுமே உணவில் சேர்க்கலாம்.

ராமன் 1970ல் பெங்களூரில் காலமானார். கடலின் நீலத்தில் அவர் தேடிய விடை, இன்று பிள்ளைகள் தின்னும் மிட்டாய்க்கும் காவலாக நிற்கிறது.