இருளில் அறிவைத் தேடியவர்: எட்கர் ஆலன் போ

கொலையும் மர்மமும் நிறைந்த கதைகளையும், புயலும் பேய்க்கப்பலும் வரும் கடற்கதைகளையும் கண்டால் நம் வீட்டுப் பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். இளைஞரோ ஊணும் உறக்கமும் மறந்து அவற்றில் ஆழ்வர். முகம் சுளித்த பெரியவரே, பிள்ளைகள் உறங்கிய பின்னர் அந்நூலை மெல்ல எடுத்துப் படிப்பதும் உண்டு. இருளைக் கண்டு அஞ்சும் மனித மனம், இருளைப் பற்றிய கதையை மட்டும் ஏன் நாடுகிறது? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், அவ்விரு வகைக் கதைகளுக்கும் வழி வகுத்த ஒருவரின் வாழ்க்கையை அறிதல் நலம். அவர்தாம் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ.

போ 1809ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக நடிகர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். 1811 டிசம்பரில் தாயும் ரிச்மண்ட் நகரில் உயிர் நீத்தார். அப்போது போவுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. அந்நகரத்து வணிகர் ஜான் ஆலனும் அவர் மனைவியும் குழந்தையை எடுத்து வளர்த்தனர். ஆலன் என்னும் பெயர் நடுவே சேர்ந்தது. ஆயினும் சட்டப்படி தத்து எடுக்கப்படவில்லை. இக்குறை பின்னாளில் பெருங்குறையாயிற்று. 1815இல் அக்குடும்பம் பிரிட்டனுக்குச் சென்று 1820இல் திரும்பியது. ஆறு வயதில் ஒரு முறையும் பதினொரு வயதில் ஒரு முறையும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலில் கடந்த சிறுவனுக்குக் கடல் வெறும் ஏட்டுப் பொருளாக இருந்திருக்க முடியாது.

1826இல் விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வளர்ப்புத் தந்தை தந்த பணம் போதவில்லை. சூதாடிப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணிக் கடனில் மூழ்கி, ஓராண்டுக்குள் படிப்பை விட்டார். 1827இல் வேறு பெயரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து, கடலோரக் கோட்டைகளில் பணியாற்றிச் சார்ஜண்ட் மேஜராக உயர்ந்தார். அவர் இருந்த கோட்டைகளுள் ஒன்று தென் கரோலினாவின் சல்லிவன் தீவில் இருந்தது. பிற்காலத்தில் புதையல் தேடும் ‘தங்க வண்டு’ என்னும் கதைக்கு அத்தீவையே களமாக்கினார். 1830இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, கடமை தவறியதற்காக 1831இல் நீக்கப்பட்டார். 1834இல் ஆலன் மறைந்தபோது உயிலில் போவுக்கு ஒரு காசும் எழுதி வைக்கவில்லை.

பால்டிமோர் நகரில் அத்தை மரியா கிளெம் வீட்டில் வறுமையோடு வாழ்ந்த நாளில், 1833இல் வார இதழ் ஒன்று நடத்திய சிறுகதைப் போட்டியில் ஐம்பது டாலர் பரிசு பெற்றார். ‘புட்டியில் கிடைத்த கையெழுத்துப் படி’ என்பது அக்கதை. நாம் குடியேறி வாழும் இம்மாநகரத்தார்க்கு அதில் ஒரு வியப்பு உண்டு. கதையில் வரும் கப்பல் மலபார்த் தேக்கினால் இதே பம்பாயில் கட்டப்பட்டது! லட்சத்தீவுகளின் பஞ்சும் எண்ணெயும், தென்னை நாரும் வெல்லமும் நெய்யும் தேங்காயும், சில பெட்டி அபினியும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. இந்தியாவைக் காணாத எழுத்தாளர் நம் கடற்கரைச் சரக்குகளை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறார். ஜாவாவிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் பெரும்புயலில் சிக்குகிறது; பின்னர் அதன்மேல் மோதும் பேய்க்கப்பலை நாம் ஏன் நம்புகிறோம்? தேங்காயையும் நெய்யையும் முன்பே நம்பிவிட்டோம் அல்லவா! அச்சக்கதையின் அடிப்படை நுட்பம் இதுவே. நம்பத்தகாத ஒன்றைச் சொல்லுமுன் நம்பத்தக்கன பலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

1838இல் ‘ஆர்தர் கார்டன் பிம்’ என்னும் கடற்புதினம் வெளிவந்தது. கப்பலில் ஒளிந்து செல்லும் இளைஞன், மாலுமிகளின் கலகம், பிணங்களே நிறைந்து மிதந்து வரும் கப்பல், பசிக்கொடுமையால் திருவுளச்சீட்டுப் போட்டு ஒருவனைக் கொன்று தின்னும் கொடுமை ஆகியன அதில் வருகின்றன. அவ்வாறு மாண்டவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1884இல், மிக்னோனெட் என்னும் ஆங்கிலப் படகு மூழ்கியபோது, உயிர் தப்பியவர்கள் பசியால் கொன்று தின்ற இளம் மாலுமியின் பெயரும் ரிச்சர்ட் பார்க்கரே. அவ்வழக்கைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர்.

போவின் எழுத்து வாழ்வில் 1841 சிறப்பான ஆண்டு. பிலடெல்பியாவில் கிரகாம் என்பவரின் மாத இதழில் ஆசிரியராக இருந்த அவர், ஏப்ரல் இதழில் ‘ரூ மார்க் கொலைகள்’ கதையை வெளியிட்டார். உட்புறம் தாழிட்ட அறையில் கொலை, காவலர் திகைக்கின்றனர், டூப்பின் என்னும் பாரிஸ்காரர் சிறு தடயங்களைக் கொண்டே உண்மையைக் காண்கிறார். இன்று உலகெங்கும் பரவியுள்ள துப்பறியும் கதைக்கு இதனையே முதலாகக் கொள்வர். குற்றம் செய்தவர் யார் என்று இங்கே சொல்லிவிட்டால், இனிப் படிக்கப்போகும் இளைஞர் நம்மை மன்னியார்!

அடுத்த மே இதழில் அவர் எழுதியது கடற்கதை. நார்வே நாட்டுக் கடலில் பெருஞ்சுழலில் அகப்பட்ட மீனவன் ஒருவன், நடுங்குவதை விட்டுச் சுற்றிலும் மிதக்கும் பொருள்களைக் கூர்ந்து நோக்குகிறான். பெரிய பொருள்கள் விரைந்து அமிழ்கின்றன. உருளை வடிவப் பொருள்களோ மெல்ல அமிழ்கின்றன. உடனே தண்ணீர்ப் பீப்பாயொன்றில் தன்னைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான், பிழைக்கிறான். படகை விடமாட்டேன் என்று பற்றியிருந்த அண்ணன் மாள்கிறான். பாரிஸ் நகரத்து அறையில் டூப்பின் செய்ததையே நார்வேக் கடலில் இம்மீனவன் செய்கிறான். அச்சத்தின் நடுவே கண்ணைத் திறந்து வைத்திருப்பவனே தப்புகிறான். இருட்கதைகள் நம்மை ஈர்ப்பதற்குக் காரணம் இங்கே விளங்குகின்றது. நாம் நாடுவது குற்றத்தையன்று; குற்றத்திற்கும் புயலுக்கும் நடுவில் அறிவு அணையாமல் நிற்கிறதா என்பதையே.

ஆனால் அவர் வாழ்க்கையில் அத்தகைய பீப்பாய் ஒன்று கிடைக்கவில்லை. 1836இல் தம் அத்தை மகள் விர்ஜீனியாவை மணந்திருந்தார். 1842 ஜனவரியில் அவ்வம்மையார் பாடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து குருதி வெளிப்பட்டது, காசநோய். தேறுவதும் மீண்டும் சாய்வதுமாக ஐந்தாண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில்தான் ‘காட்டிக்கொடுத்த இதயம்’, ‘கறுப்புப் பூனை’ முதலிய கொடுங்கதைகளும், 1845இல் நாடெங்கும் புகழ் தந்த ‘அண்டங்காக்கை’ என்னும் கவிதையும் பிறந்தன. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. ஆங்கில நாட்டு நூல்களைப் பணம் கொடாமலே அச்சிட அன்றைய அமெரிக்கச் சட்டம் இடம் தந்தமையால், உள்நாட்டு எழுத்தாளர்க்குக் கூலி கொடுக்கப் பதிப்பாளர் தயங்கினர். 1847 ஜனவரி 30இல் விர்ஜீனியா மறைந்தார். மதுப்பழக்கமும் போவை அரித்தது. 1849 அக்டோபர் 3ஆம் நாள் பால்டிமோரில் நினைவு தடுமாறிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு, 7ஆம் நாள் மருத்துவமனையில் காலமானார். வயது நாற்பதே. சாவின் காரணம் இன்றுவரை துணியப்படவில்லை.

இறந்த பின்னும் அவருக்கு ஓய்வில்லை. ரூபஸ் கிரிஸ்வால்ட் என்பவர் பொய்ப்பெயரில் இழிவான இரங்கலுரை வெளியிட்டார்; பின்னர்ப் போவின் நூல்களைத் தாமே பதிப்பித்து, அவருடைய கடிதங்களைத் திரித்து, அவரைக் கொடியவராகச் சித்திரித்தார். கதையில் வரும் பித்தனே கதையாசிரியன் என்று உலகம் எளிதில் நம்பிவிட்டது. 1941இல் ஆர்தர் ஹாப்சன் குவின் என்னும் பேராசிரியர் மூலக் கடிதங்களோடு அவற்றை ஒப்பிட்டுக் கள்ளத்தை வெளிப்படுத்தினார். துப்பறியும் கதையைத் தந்தவருடைய நற்பெயர் துப்பறிந்தே மீட்கப்பட்டது!

போ விதைத்த விதை பல நாடுகளில் மரமாயிற்று. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அவரிடம் பட்ட கடனை மறைக்கவில்லை. பிம்மின் பயணத்தைத் தொடர்ந்து ஜூல்ஸ் வெர்ன் 1897இல் ஒரு புதினம் எழுதினார். ஜப்பானிய எழுத்தாளர் ஒருவர் எட்கர் ஆலன் போ என்னும் ஒலி அமையுமாறு எடோகவா ரம்போ என்றே பெயர் சூட்டிக்கொண்டார். தமிழிலும் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் மேனாட்டுக் கதைகளைத் தழுவி மர்ம நாவல்கள் எழுதி, நம் பாட்டிமாரையும் விளக்கடியில் விழித்திருக்கச் செய்தனர்.

ஆதலின் நம் இல்லத்துப் பிள்ளை இத்தகைய நூலைக் கையில் எடுத்தால் சினந்து பறிக்க வேண்டா. இளஞ்சிறார்க்கு ஒவ்வாத கொடுமை மிகுந்தவற்றை விலக்கி வைப்போம். ஏனையவற்றைப் படிக்க விடுவோம். படித்து முடித்ததும் கொன்றவன் யார் என்று கேட்பதோடு நில்லாமல், உண்மை எவ்வாறு புலப்பட்டது என்றும் கேட்போம். அவ்வினாவுக்குப் பிள்ளை விடை சொல்லத் தொடங்கினால், எட்கர் ஆலன் போவின் உழைப்பு நம் வீட்டிலும் பயன் தந்தது என்று மகிழலாம்.