பொது அளவு கண்ட பொறியறிஞர்

ஓர் ஊரில் வாங்கிய மரையாணிக்கு வேறோர் ஊரில் வாங்கிய மரை தடையின்றிப் பொருந்துகின்றது. இதனை நாம் ஒரு வியப்பாகக் கருதுவதில்லை. ஆயின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்நிலை இல்லை. ஆணியின் உடலைச் சுற்றிச் செல்லும் வெட்டுக்குப் புரி என்பது பெயர். அப்புரியை ஒவ்வொரு பட்டறையும் தான் விரும்பியவாறு வெட்டிவந்தது. பொறியில் ஓர் ஆணி முறிந்தால், அதனைச் செய்த பட்டறையையே தேடிச் செல்லல் வேண்டும். இக்குறையைப் போக்கிய பெரியார் ஜோசப் விட்வொர்த் ஆவார்.

இவர் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், மான்செஸ்டருக்கு அணித்தாகிய ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையாரோ சமயப் பணியை மேற்கொண்டார். பதினான்காம் வயதில் விட்வொர்த் உறவினர் ஒருவருடைய பஞ்சாலையில் பணிக்கு அமர்ந்தார். வாணிகத்தில் அவர் உள்ளம் செல்லவில்லை. ஆலையின் பொறிகளே அவரை ஈர்த்தன. எனவே ஆலையை விட்டகன்று, மான்செஸ்டரை அடைந்து, பொறித் தொழிலாளருள் ஒருவரானார்.

1825ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்று, ஹென்றி மாட்ஸ்லி என்பாரின் புகழ்பெற்ற பட்டறையில் சேர்ந்தார். மேடு பள்ளமற்ற உலோகப் பரப்பை ஆக்குவதில் அங்கே அவர் கருத்தைச் செலுத்தினார். இரண்டு தகடுகள் தம்முள் நன்கு பொருந்தினும், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருத்தல் கூடும். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தினால் மட்டுமே அவை சமமானவை எனத் துணியலாம். சாயம் பூசி மேடுகளைக் கண்டறிந்து, அவற்றைப் பொறுமையுடன் சுரண்டி நீக்கிச் செம்மையான பரப்பை அவர் உருவாக்கினார்.

1833ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்குத் திரும்பித் தம் சொந்தப் பட்டறையை நிறுவினார். அவருடைய கருவிகளின் செம்மை விரைவில் புகழ் பெற்றது. தம்முடைய புரியே சிறந்தது. பிறர் அதனையே கொள்க என்று அவர் கூறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்தாரல்லர். பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டினார். அவற்றின் புரிகளை அளந்தார். எல்லாவற்றுக்கும் சராசரி கண்டார். புரியின் கோணம் 55 பாகை. ஓர் அங்குலக் கனமுள்ள ஆணிக்கு அங்குலத்துக்கு 8 புரிகள். அரை அங்குல ஆணிக்கு 12. கால் அங்குல ஆணிக்கு 20 என வகுத்து, 1841ஆம் ஆண்டில் பொறியாளர் பேரவையின்முன் வைத்தார். எவருடைய அளவும் முழுமையாக வெல்லவில்லை. எவருடைய அளவும் புறக்கணிக்கப்படவும் இல்லை. இருப்புப்பாதைப் பட்டறைகளும் பிறவும் படிப்படியாக அதனை ஏற்றன.

கிரிமியப் போரின்போது இம்முறையின் பயன் நன்கு விளங்கிற்று. பீரங்கிப் படகுகளுக்கு நீராவிப் பொறிகள் மிக விரைவில் தேவைப்பட்டன. ஒரே பட்டறையால் அவ்வளவும் செய்து முடிக்க இயலாது. ஜான் பென் என்னும் பொறியாளர், மாதிரிப் பொறியைப் பிரித்து, அதன் உறுப்புகளைப் பல பட்டறைகளுக்கு அனுப்பி, அவைபோல் செய்வித்தார். பல கைகள் செய்த உறுப்புகள் பொது அளவின் துணையால் ஒன்றாகப் பொருந்தின. ஏறத்தாழ 90 நாளில் 90 பொறிகள் உருவாயின என்பர்.

அங்குலத்தைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றையும் காட்டவல்ல அளவைப் பொறியை, அவர் 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்காட்சியில் வைத்தார். கல்வியும் கைத்தொழிலும் இணைதல் வேண்டும் என்னும் கருத்தினராய், 1868ஆம் ஆண்டில் இளம் பொறியாளருக்கு உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். 1887ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் மான்டி கார்லோவில் உயிர் நீத்தார். அவர் ஈட்டிய பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி மக்கள் நலத்துக்குப் பயன்பட்டது.

பிற்காலத்தில் மீட்டர் அளவைத் தழுவிய புரிகள் உலகெங்கும் பரவின. எனினும், பொது அளவு வேண்டும் என்னும் அவருடைய கொள்கை நிலைபெற்றுவிட்டது. தனித்தனியே சிறந்து விளங்குதல் மட்டும் போதாது. பிறரோடு பொருந்தும் பண்பும் வேண்டும். இவ்வுண்மையைச் சிறியதொரு மரையாணி நமக்கு நாள்தோறும் உணர்த்துகின்றது.