கைத்தொழிற் கலாசாலை கண்ட புக்கர் வாஷிங்டன்

கல்வி என்றவுடன் ஏடும் எழுதுகோலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. உளியும் சுத்தியலும் தோன்றுவதில்லை. கையால் உழைத்தல் கல்லாதார்க்கே உரியது என்னும் எண்ணம் பல நாடுகளில் வேரூன்றியுளது. அவ்வெண்ணத்தைச் சொல்லாலன்றிச் செயலால் மாற்ற முயன்றவர் அமெரிக்க நாட்டுப் புக்கர் டி. வாஷிங்டன் ஆவர். மாணாக்கர் தம் கலாசாலையைத் தாமே கட்டவும், அக்கட்டுதலையே ஒரு பாடமாகக் கொள்ளவும் செய்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1856-ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாகாணத்துத் தோட்டமொன்றில் அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தார். தாய் அத்தோட்டத்தின் சமையற்காரி. மண்தரையோடு கூடிய மரக்குடிலொன்றே அவர்கட்கு வீடும் தோட்டத்திற்கு மடைப்பள்ளியுமாய் இருந்தது. 1865-இல் விடுதலை கிட்டியபின், குடும்பம் மேற்கு விர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊரை அடைந்தது. ஆங்குச் சிறுவர் உப்புக் காய்ச்சும் உலையிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். மாற்றாந் தந்தையின் உப்புப் பீப்பாய்களில் இடப்பெற்ற 18 என்னும் எண்ணே அவர் முதன்முதலாக அடையாளங் கண்ட எழுத்து.

ஹாம்ப்டன் என்னும் ஊரில் ஏழை மாணாக்கர் உழைத்துக்கொண்டே கற்கும் கலாசாலை ஒன்று உளது எனச் சுரங்கத்தினுள் இருவர் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. 1872-இல் அவ்விடம் நோக்கிப் புறப்பட்டார். ஏறக்குறைய 500 மைல் வழி. கைப்பொருள் இடையிலே தீர்ந்தது. ரிச்மண்ட் நகரில் தெருவோர மரநடைபாதையின்கீழ்ப் படுத்துறங்கிப் பகலிற் கூலிவேலை செய்து பயணத்தை முடித்தார். அழுக்குடையோடு வந்து நின்ற இளைஞரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ஆசிரியை, ஓர் அறையைப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அதனை மும்முறை பெருக்கி, நான்குமுறை தூசி துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் தடவிப் பார்த்தும் தூசி கண்டிலர். அதுவே அவர் எழுதிய நுழைவுப் பரீட்சை.

1881-இல் அலபாமா மாகாணத்து டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின மக்கட்கு ஒரு கலாசாலை தொடங்க வாஷிங்டன் அழைக்கப்பெற்றார். அரசாங்கம் ஆண்டுக்கு 2,000 டாலர் வழங்கியது. ஆயினும் அது ஆசிரியர் சம்பளத்திற்கே உரியது. நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஜூலை 4-ஆம் நாள், கோயிலொன்றன் அருகிலிருந்த பாழ்ங்குடிலில் 30 மாணாக்கரோடு வகுப்புத் தொடங்கிற்று. பின்னர் 500 டாலர் விலைக்குப் பழைய தோட்டம் ஒன்று கிடைக்க, அதன் குதிரைக்கொட்டிலும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின.

இனிக் கட்டடம் எழுப்பவேண்டும். கூலியாட்களை அமர்த்துதற்குப் பணமின்மை ஒரு காரணமேயாயினும், வாஷிங்டனின் கருத்து அதனினும் ஆழ்ந்தது. அடித்தளம் தோண்டுதல் முதற் கூரை வேய்தல் ஈறாக மாணாக்கர் தாமே செய்வராயின், கலாசாலைக்கு வீடும் கிடைக்கும், கற்போர்க்குத் தொழிலும் கிடைக்கும் என அவர் கண்டார். மாணாக்கர் இதனை விரும்பினரல்லர். மண்வெட்டி பிடிப்பது அடிமைக்காலத்தின் எச்சம் என்று பலர் கருதினர். பெற்றோர் சிலரும் எதிர்த்தனர். வாஷிங்டன் விவாதித்துக் காலம் போக்காது, தாமே கோடரியைத் தோளிலிட்டுக் காட்டை அழிக்கச் சென்றார். மாணாக்கரும் பின்தொடர்ந்தனர்.

செங்கல் அறுக்கும் முயற்சியே கடுஞ்சோதனையாயிற்று. முழங்காலளவு சேற்றில் நின்று மாணாக்கர் பல்லாயிரம் கற்களை அறுத்தடுக்கினர், முதற் சூளை பாழாயிற்று, இரண்டாவதும் பாழாயிற்று, மூன்றாவது வேகுங்காலத்து இடிந்து வீழ்ந்தது. கையிற் காசில்லை. வாஷிங்டன் தம் கடியாரத்தை மாண்ட்கமரி நகரில் 15 டாலருக்கு அடகுவைத்து நான்காம் முறை முயன்றார். சூளை நன்றாய் வெந்தது. கடியாரமோ மீளவில்லை. அச்செங்கற்களை வாங்க அண்டையிலிருந்த வெள்ளையரும் வந்தனர். வாணிபத்தால் வந்தோர், நாளடைவில் நட்பினராயும் ஆயினர்.

1892-இல் ராபர்ட் டெய்லர் என்னும் இளைஞர் டஸ்கீகி சேர்ந்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்ற முதற் கறுப்பின மாணாக்கர் இவரே. இவர் வரைபடம் இயற்றவும் கற்பித்தார், கட்டடங்களையும் அமைத்தார். வகுப்பில் மாணாக்கர் கற்ற கோடுகள் வெளியில் சுவர்களாய் எழுந்தன. செங்கல், மரவேலை, தச்சுச் சாமான் யாவும் கலாசாலையின் தொழிற்கூடங்களிலிருந்தே வந்தன. 1898-இல் நிறைவேறிய ஆலயத்திற்கு மாணாக்கர் அறுத்த செங்கற்கள் ஏறக்குறைய 12 லட்சம். 1900-ஆம் ஆண்டளவில் அங்கு நின்ற 40 கட்டடங்களில் நான்கு நீங்கலாக ஏனைய யாவும் பெரும்பாலும் மாணாக்கர் உழைப்பால் எழுந்தனவே. தாம் கட்டிய சுவரைக் கத்தியாற் கீறவோ மைகொண்டு அழுக்காக்கவோ எவருக்கு மனம் வரும்?

எனினும் வாஷிங்டனின் கொள்கை குறையற்றதெனக் கூறுவது நேர்மையாகாது. 1895-இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய சொற்பொழிவில், அவர் தொழிற்பேற்றை முன்வைத்து அரசியலுரிமை கோருதலைப் பின்வைத்தார். 1903-இல் டு பாய்ஸ் என்னும் அறிஞர் இதனைக் கடிந்து, உயர்கல்வியும் வாக்குரிமையும் இன்றித் தொழில் மட்டும் ஓரினத்தை உயர்த்தாது என வாதித்தார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் உரிமைக்காக நடந்த வழக்குகட்கு வாஷிங்டன் மறைவாய்ப் பொருளுதவி செய்தமையும் அவர் மறைந்தபின் வெளிப்பட்டது. கையும் கருத்தும் சேர்ந்தே கல்வி முழுமையுறும் என்பது இவ்விருவர் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்துக் காண்போர்க்குப் புலனாம்.

1915-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் அவர் மறைந்தபோது, டஸ்கீகியில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணாக்கரும் இருந்தனர். 1985-இல் அக்கலாசாலை பல்கலைக்கழகமெனப் பெயர் பெற்றது. மாணாக்கர் கட்டிய அவ்வாலயம் 1957-இல் எரிந்து போயிற்று. 1969-இல் வேறோர் ஆலயம் எழுந்தது. கல் அழியும், கல்லை அறுத்த கை பெற்ற தேர்ச்சியோ தலைமுறைதோறும் தொடரும்.

மாணவ நண்பர்களே! நாம் அமர்ந்து பயிலும் அறையும் எவரோ சுமந்த கல்லால் ஆனதே. அதனைப் பெருக்கும் துடைப்பத்தை நாமும் ஒருநாள் கையிலெடுப்போமாயின், இப்பெரியாரின் வரலாற்றைப் படித்த பயனைப் பெற்றவராவோம்.