அன்னையர் சொல் கேட்ட கண் மருத்துவர்

பேர் பெற்ற மருத்துவ அறிஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் நம் கண்முன் வந்து நிற்பது வழக்கம். அவை எவையுமின்றி, தம் அறை வாயிலில் காத்திருந்த பெண்களின் பேச்சுக்குச் செவி கொடுத்து மருத்துவ உலகின் நம்பிக்கை ஒன்றை மாற்றியவரும் உளர். அவர் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரின் கண் மருத்துவர் சர் நார்மன் மக்அலிஸ்டர் கிரெக். மருத்துவக் கலைச்சொற்கள் குறித்த பயிலரங்கு ஒன்றுக்காகச் சில நூல்களைப் புரட்டியபோதுதான் இப்பெயர் நமக்கு அறிமுகமாயிற்று. தேடியது ஒரு சொல். கிடைத்தது ஒரு மனிதர்.

முதலில் அச்சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறோம். ருபெல்லா என்பது இலத்தீன மொழியில் சிறு சிவப்பு என்னும் பொருள்படும் சொல். 1866இல் ஹென்றி வீல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்நோய்க்கு இப்பெயரை இட்டார். அதனைத் தனி நோயாக முதலில் விவரித்தவர்கள் ஜெர்மானிய மருத்துவர்களாதலின் ஜெர்மன் தட்டம்மை என்றும் வழங்குவர். நாம் அறிந்த தட்டம்மை வேறு, இது வேறு. இலேசான காய்ச்சல், பிடரியில் நெறி கட்டுதல், உடலெங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு. மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பதோடு பெற்றோர் கவலை தீர்ந்துவிடும். மருத்துவ மாணவர்களுக்கும் இந்நோயை ஒருசில வரிகளில் சொல்லி முடிப்பதே அக்காலத்து வழக்கம். அவ்வளவு எளிய நோய் என்று உலகம் எண்ணியிருந்தது.

கிரெக் 1892ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் சிட்னியின் பர்வுட் பகுதியில் பிறந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1915இல் முதல் வகுப்புச் சிறப்புடன் தேறினார். படிப்பில் சிறந்தவர் விளையாட்டில் பின்தங்குவர் என்று நம் மாணவர்கள் சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. கிரெக்கிடம் அந்தச் சமாதானம் செல்லாது. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் தம் மாநிலமாகிய நியூ சவுத் வேல்சின் சார்பில் ஆடியவர் அவர். பட்டம் பெற்ற கையோடு இங்கிலாந்து சென்று படை மருத்துவப் பிரிவில் சேர்ந்து, முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் பணியாற்றினார். அங்கே காட்டிய துணிவுக்காக மிலிட்டரி கிராஸ் என்னும் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. போர் முடிந்தபின் கண் மருத்துவத்தைத் தனித் துறையாகக் கொண்டு இங்கிலாந்தில் பயின்று, 1923இல் சிட்னிக்குத் திரும்பி மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். குழந்தைகளுக்கான அரச அலெக்சாண்ட்ரா மருத்துவமனையிலும் கண் மருத்துவராக அமர்ந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளும் ஒரு நல்ல மருத்துவரின் அமைதியான வாழ்க்கையாகவே கழிந்தன.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த அமைதி கலைந்தது. கண்மணியின் நடுவே வெண்படலம் கொண்ட கைக்குழந்தைகள் அவரிடம் வரலாயினர். பிறவிக் கண்புரை அரிய நோய். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கண்டால் மிகுதி. இப்பொழுதோ ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரு கண்களிலுமே புரை. சில கண்கள் அளவிலும் சிறுத்திருந்தன. மணியை விரிக்க இடும் மருந்துக்கும் அக்கண்கள் எளிதில் இணங்கவில்லை. குழந்தைகளோ எடை குறைந்து, பால் குடிக்கவும் திணறி, மெலிந்து கிடந்தன. பலவற்றின் இதயத்திலும் குறை இருந்தது.

கிரெக்கின் அறிவுக்கூர்மையை நாம் கண்டுகொள்ள வேண்டிய இடம் இதுவே. பிறவிக் கண்புரை என்றால் அது பரம்பரையாக வருவது என்பதே அந்நாளைய பாடம். ஆனால் ஒருவரோடொருவர் உறவில்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே பருவத்தில், ஒரே வகைப் புரை தோன்றுமானால் அதனைப் பரம்பரை என்று எவ்வாறு கொள்வது? அடுத்து அவர் புரையின் இடத்தை நோக்கினார். கண்ணின் வில்லை கருவில் நடுவிலிருந்து வெளிப்புறமாக, அடுக்கடுக்காக வளர்வது. மரத்தின் வைரம் முதலில் அமைந்து, அதன்மேல் ஆண்டு வளையங்கள் சூழ்வதை ஒத்தது அது. இக்குழந்தைகளின் வில்லையில் நடுப்பகுதியே செறிந்து வெளுத்திருந்தது. ஆகவே கேடு நேர்ந்தது கருவின் தொடக்க வாரங்களில் என்று அவர் துணிந்தார். பின்னர் பிறந்த நாள்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். அத்தாய்மார் சூல்கொண்ட முதல் மாதங்கள் 1940ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்து நின்றன. தென்கோளத்தில் அது குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது? போருக்காக இளைஞர்கள் பாசறைகளில் திரண்டிருந்தனர். ஜெர்மன் தட்டம்மை நாடெங்கும் பரவியிருந்தது. சிறுவயதில் அந்நோய் காணாத வளர்ந்தவர்களும் அப்போது பெருமளவில் அதற்கு ஆளாயினர்.

இக்கணக்கு அவர் மனத்தில் முதலில் எழுந்ததா, தாய்மாரின் பேச்சு முதலில் காதில் விழுந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் இருவகையாகச் சொல்வர். காத்திருந்த அறையில் தாய்மார் இருவர், தாம் கருவுற்றிருந்தபோது ஜெர்மன் தட்டம்மை கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதும், அது கிரெக்கின் செவியில் பட்டது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. எது முந்தியதாயினும், அவர் அப்பேச்சைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு தாயையும் அழைத்துக் கேட்டார். வேறு நகரங்களிலிருந்த கண் மருத்துவர்களுக்கும் எழுதிக் கேட்கச் செய்தார்.

1941 அக்டோபர் 15ஆம் நாள் மெல்போர்னில் கூடிய ஆஸ்திரேலியக் கண் மருத்துவச் சங்கத்தின் முன்னே தம் கட்டுரையைப் படித்தார். அதில் இடம்பெற்ற குழந்தைகள் 78 பேர். அவர்களுள் அவரே கண்டவர்கள் 13 பேர். ஏனையோர் பிற மருத்துவர்கள் கண்டவர்கள். இவர்களுள் 68 குழந்தைகளின் தாய்மார் கருவுற்றிருந்தபோது ஜெர்மன் தட்டம்மை கண்டவர்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயக் குறையும் இருந்தது. கருப்பை ஒரு கோட்டை. தாய்க்கு வரும் சிறுநோய் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தீண்டாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. ஓர் எளிய நோய் அக்கோட்டையுள் புகுந்து கண்ணையும் இதயத்தையும் சிதைக்கும் என்று ஒரு கண் மருத்துவர் எழுந்து சொன்னார்.

செவியைப் பற்றி அக்கட்டுரையில் இல்லை. குழந்தைகள் அப்பொழுது பேசும் பருவத்தை எட்டவில்லை, கேளாமை வெளிப்படவில்லை. அதனையும் தாய்மாரே கண்டு சொன்னார்கள். கண் நன்றாயிருந்தும் அழைத்தால் திரும்பாத தம் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் முன்வந்து கூறிய பின்னரே, செவிப்புலன் இழப்பு இந்நோயின் மிகப் பரவலான விளைவு என்பது தெளிவாயிற்று. தென் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஸ்வான் முதலிய மருத்துவர்கள் 1943இல் வெளியிட்ட ஆய்வும் கிரெக்கின் கூற்றை உறுதி செய்தது.

எனினும் கடல் கடந்த நாடுகள் உடனே ஒப்பவில்லை. இலண்டன் மாநகரின் புகழ்மிக்க லான்செட் இதழ் 1944இல், அவர் தம் கருத்தை நிறுவிவிட்டதாகக் கொள்ள இயலாது என்னும் போக்கில் எழுதியது. இதனைப் படிக்கும்போது நமக்குச் சினம் எழுவது இயல்பே. ஆயினும் நடுநிலையோடு நோக்கினால் அந்த ஐயத்திலும் பொருளுண்டு. கிரெக் குறையுள்ள குழந்தைகளிடமிருந்து தொடங்கித் தாயிடம் சென்றார். நோய் கண்டும் நல்ல குழந்தை பெற்ற தாய்மார் எத்தனை பேர் என்பது அக்கணக்கில் வரவில்லை. தாயின் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியும் எழுந்தது. பிற்காலத்தில், நோய் கண்ட தாய்மாரிடமிருந்து தொடங்கி அவர்தம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளே இக்குறையைத் தீர்த்தன.

அவ்வையத்திற்கு வியப்பான ஒரு விடை கணிதத்திலிருந்தும் வந்தது. ஆலிவர் லங்காஸ்டர் என்னும் ஆஸ்திரேலியப் புள்ளியியல் அறிஞர் பழைய மக்கள்தொகைக் கணக்குப் புத்தகங்களைத் திறந்தார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காது கேளாதோருள் 10 முதல் 14 வயதினர் இயல்பை மீறி மிகுந்திருந்தனர். 1921ஆம் ஆண்டுக் கணக்கிலோ 20 முதல் 24 வயதினர் மிகுந்திருந்தனர். இரண்டும் ஒரே மக்களே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பிறந்தவர்கள். கணக்கெடுத்தவர்களும் அந்த மிகுதியைக் கண்டு வியந்து, தொற்றுநோய் ஏதோ காரணமாகலாம் என்று குறித்து வைத்திருந்தனர். லங்காஸ்டர் காது கேளாதோர் பள்ளிகளின் சேர்க்கை ஏடுகளையும் ஒப்பிட்டார். அக்குழந்தைகள் பிறந்த காலமும் ஜெர்மன் தட்டம்மை பரவிய காலமும் இசைந்தன. 1951இல் அவர் இதனை வெளியிட்டார். பல்லாண்டுகளாக அச்சேறிக் கிடந்த எண்கள் யாரும் கேட்காததனால் வாய் திறவாதிருந்தன. பழஞ்சுவடிகளைத் தேடும் தமிழ் மாணவர்கள் இந்நிகழ்ச்சியைச் சுவைப்பார்கள் என்று நம்புகிறோம்.

1953இல் கிரெக்குக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1962இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுவினர் ருபெல்லா வைரஸைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் பெருங்கொள்ளையாய்ப் பரவிய இந்நோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறையோடு பிறந்தன. கிரெக் சொன்னதில் ஐயம் கொள்ள அதன்பின் எவருக்கும் இடமில்லை. 1966 ஜூலை 27ஆம் நாள் அவர் சிட்னியில் காலமானார். தடுப்பூசி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1969இல். அவர் பிறந்த நாட்டுப் பள்ளி மாணவியருக்கு அது 1971 முதல் போடப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் ஆஸ்திரேலியாவை ருபெல்லா ஒழிந்த நாடாக ஏற்றுக்கொண்டது 2018இல்.

நம் மண்ணுக்கும் இக்கதைக்கும் தொடர்புண்டு. மதுரையில் கண்புரையுள்ள குழந்தைகளிடையே நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஓராண்டு நிறையாத குழந்தைகளுள் நான்கில் ஒரு பங்கினர்க்குப் பிறவி ருபெல்லாவே காரணம் என்று இரத்தச் சோதனையால் அறியப்பட்டது. கிரெக் கட்டுரை படித்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த காலம் அது. 2017 பிப்ரவரியில்தான் தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசி இயக்கம் தமிழகம் உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் முதற்கட்டமாகத் தொடங்கிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகள் வரை அனைவருக்கும் ஊசி. அந்நாளில் கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட வீடுகள் நம் தெருவிலும் இருந்தன. நன்கு படித்த ஒருவர் நம்மிடமே வந்து, நல்லாயிருக்கும் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று வினவினார். ஊசி பிள்ளைக்காக மட்டுமன்று, அப்பிள்ளையினால் நோய் தொற்றக்கூடிய கருவுற்ற பெண்ணுக்காகவும்தான் என்று விளக்க நமக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. மறுநாள் அவர் தம் பேத்தியைத் தாமே அழைத்துச் சென்றார்.

அவரிடம் அத்தனை நேரம் நாம் பேசியதற்கு வேறொரு காரணமும் உண்டு. எம் பெரியம்மாவின் மூத்த மகனுக்குப் பிறவியிலேயே இரு கண்களிலும் வெண்படலம், செவியும் கேளாது. நாற்பதாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்த பெண்கள், கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்று முணுமுணுத்தனர். கணவர் வீட்டார் குறையைப் பெரியம்மாவின் குடிவழியில் தேடினர். அண்ணன் தம் பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். பெரியம்மா தம் இறுதிக்காலத்தில் எம் தாயாரிடம் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது உடம்பெல்லாம் சிவந்து தடித்ததாம். மூன்று நாளில் அது மறைந்துவிட்டதாம். அது ருபெல்லாதான் என்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்கிய படிகள் பல. அத்தனை இடத்திலும் எவரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். தாமாகவே ஒருமுறை சொல்லத் தொடங்கியபோது, மருந்துச் சீட்டை நீட்டி அடுத்தவரை அழைத்துவிட்டார்களாம்.