இரமண முனிவரும் திருத்தொண்டர் புராணமும்

ஒரு நூலைப் பலர் பயில்வர். பயின்றார் வாழ்வு முழுவதையும் அந்நூல் தன்வயமாக்கிக் கொள்வது சிலரிடத்தே நிகழ்வதாம். அச்சிலருள் ஒருவர் இரமண முனிவர். அவரை வேதாந்த நெறிக்கே உரியராகக் கொண்டு போற்றுவார் உலகிற் பலர். எனினும், இளமையில் அவர் உள்ளத்தை முதற்கண் ஈர்த்த சமயநூல் நம் பன்னிரண்டாந் திருமுறையாகிய திருத்தொண்டர் புராணமே என்பது சைவ நன்மக்கள் கருத்தூன்றி அறியத்தக்கது. ஆதலின் அவர்தம் வரலாற்றை இவ்வொரு நோக்கிற் சுருக்கி ஈண்டு வரைவாம்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அணித்தணித்தாக விளங்குகின்றன. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமையால் வைணவர்க்குத் தலையாய திருப்பதியாயினும், அதனைச் சார்ந்த மடவார்விளாகத்தில் வைத்தியநாதப் பெருமானும், இராசபாளையத்துப் பெத்தவநல்லூரில் மாயூரநாதப் பெருமானும் எழுந்தருளியிருத்தலின், சைவ மணமும் அந்நாட்டிற் குறைந்ததன்று. நூல்களைப் பொதுவில் வைத்துப் பலரும் பயிலச் செய்யும் நல்வழக்கமும் அங்கே முற்படத் தோன்றிற்று. திருவில்லிபுத்தூர்ப் பென்னிங்டன் நூல்நிலையம் 1875-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. இவ்விரண்டூர்கட்கும் கிழக்கே, இன்று அவற்றோடு விருதுநகர் மாவட்டத்துள் அடங்கி, அருப்புக்கோட்டைக்கு அப்பால் உள்ள திருச்சுழியலே நம் முனிவர் பிறந்த ஊர்.

அத்தலம் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பதிகம் பெற்றது. சேரமான் பெருமாளோடு சுவாமிகள் அங்குத் தங்கியிருந்த காலை, இறைவன் காளையாந் திருவுருவிற் கனவிலே தோன்றித் தான் கானப்பேரில் இருத்தலை உணர்த்தியருளினமையைச் சேக்கிழார் பெருமான் கழறிற்றறிவார் புராணத்துள் விரித்துரைத்தனர். இங்ஙனம் அப்புராணத்துள் இடம்பெற்ற ஊரிலே, சுந்தரமையர்க்கும் அழகம்மையார்க்கும் மகவாக, 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், திருவாதிரைத் திருநாளை ஒட்டி அவர் தோன்றினர். பிள்ளைத் திருநாமம் வேங்கடராமன் என்பது. 1892-ஆம் ஆண்டு தந்தையார் மறைய, மதுரையில் வாழ்ந்த தந்தையின் உடன்பிறந்தாராகிய சுப்பையர் இல்லத்தில் வளர்ந்து, அந்நகரில் ஆங்கிலப் பள்ளியிற் பயின்று வந்தனர். பாடத்தினும் விளையாட்டிலும் மற்போரிலுமே அவர்க்கு விருப்பம் மிகுந்திருந்தது.

1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்தினின்றும் வருவதாகக் கூற, அப்பெயர் இளைஞர் உள்ளத்தைச் சிலிர்ப்பித்தது. பின்னர்ச் சின்னாளிற் சுப்பையர் யாரிடமோ இரவலாக வாங்கி வந்து வைத்திருந்த பெரியபுராணம் அவர் கைப்பட்டது. நாயன்மார்களின் அன்பும், துறவும், அவர்களை இறைவன் ஆட்கொண்ட கருணையும் அவ்விளைஞரை வியப்பில் ஆழ்த்தின. அவ்வடியாரைப் போலத் தாமும் ஆகவேண்டும் என்னும் வேட்கை எழுந்தது.

1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், யாதொரு நோயுமின்றியே மரண அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. அவர் உடலைப் பிணம்போற் கிடத்தி, அழிவது யாது, அழியாதது யாது என உள்முகமாக நாடினர். அதன்பின் மாலைதோறும் மீனாட்சியம்மை திருக்கோயிலை அடைந்து, சொக்கலிங்கப் பெருமான் திருமுன்னும், கூத்தப்பெருமான் திருமுன்னும், அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன்னும் கண்ணீர் வார நிற்பர். அந்நாயன்மார்க்கு வாய்த்த அன்பு தமக்கும் வாய்க்க வேண்டும் எனச் சிலபோது இரப்பர். ஈண்டு ஒன்று கருதற்பாலது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலை ஞானியர்க்கு உரியதாக விதிக்கின்றது. அந்நூலை ஓதியறியாத இளைஞர் ஒருவர், சேக்கிழார் காட்டிய வழியே அவ்வொழுக்கத்தில் நின்றனர்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், தம் தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிப் போவதாகக் கடிதம் எழுதி வைத்து, மூன்று ரூபாயோடு இல்லத்தினின்றும் நீங்கினர். இறைவனைத் தந்தையாகக் கொள்ளுதல் ஆளுடைய பிள்ளையார் ஒழுகிக் காட்டிய மகன்மை நெறி. அப்பிள்ளையார் திருவண்ணாமலையைக் கண்டு தொழுது பாடியதாகப் புராணம் கூறும் அறையணிநல்லூர்க் கோயிலை அவரும் வழியில் அடைந்து, அங்கே பேரொளி ஒன்றைக் கண்டனர் என்ப. செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் உடல் நீங்குமளவும் அத்தலத்தை விட்டகன்றிலர்.

கைவல்லிய நவநீதம், விவேகசூடாமணி முதலியவற்றை அவர் ஓதியது அண்ணாமலை சேர்ந்த பின்னரே. அவை தாம் முன்னரே உணர்ந்ததற்குப் பெயர் கற்பித்தன என்பது அவர் கருத்து. தேவிகாலோத்தரத்தையும், சர்வஞானோத்தரத்தின் ஒரு பகுதியையும் தமிழ்ச் செய்யுளாக்கினர். ஆயினும், முதுமையிற் பெரியபுராணத்தைப் பிறர்க்கு ஓதுங்கால், கண்ணப்பர் அன்பு போலும் இடங்களில் நாத் தழுதழுத்துக் கண்ணீர் பெருக, மேற்செல்ல மாட்டாது நிறுத்துவர். வேறெந்நூலும் அவரை அவ்வளவு உருக்கியதாக நாம் அறியோம்.

முத்திநிலை பற்றி அவர் மொழிந்தன நம் முப்பொருளுண்மைக் கொள்கையோடு முற்றும் ஒவ்வா. அதனை மறைத்தல் வேண்டா. அவரை நம்மவர் என வழக்கிட்டுக் கொள்ளுதலும் நம் நோக்கமன்று. முடிபில் வேறுபட்டார்க்கும் தொடக்கத்தில் அன்பை ஊட்டியது நம் திருமுறை என்பதே நாம் கொள்ளத்தக்கது. சாத்திர ஆராய்ச்சி ஏற்றமுடையதே. எனினும், இளைஞர் உள்ளத்தில் அடியார் வரலாறு முன்னர்ப் பதியாதவழி, அவ்வாராய்ச்சி வெறுஞ் சொற்போராய் முடிதல் கூடும்.

மற்றொன்றும் உண்டு. அந்நூல் இரவலாக வந்தது. கொடுத்தவர் பெயரை வரலாறு காத்திலது. தாம் கொடுத்த ஏடு யார் கையை எய்தி என் செய்யும் என அவர் எண்ணியிரார். பேழையில் அது பூட்டப்பட்டிருந்ததாயின் அவ்விளைஞர்க்குக் கிட்டியிராது. எனவே, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போலும் ஊர்களிலுள்ள சைவச் சபையாரும், மடங்களைச் சார்ந்த பெரியோரும், தம்பாலுள்ள திருத்தொண்டர் புராணப் படிகளை இளைஞர் கைக்கு எட்டுமிடத்தே வைத்து, இரவல் கேட்பார்க்கு முகமலர்ந்து ஈவாராக.

திருச்சிற்றம்பலம்.