கெய்ரோவிலிருந்து பிரிட்டோரியாவுக்கு
இரண்டு விமானங்கள் நொறுங்கியும் கலங்காத வீரர்

எகிப்தின் தலைநகரம் கெய்ரோ. தென் ஆப்பிரிக்க அரசாங்கத்தின் நிர்வாகத் தலைநகரம் பிரிட்டோரியா. இரண்டுக்கும் இடையே, நேர்க்கோட்டில் அளந்தால், சுமார் 6,200 கிலோமீட்டர் தூரம். இன்று கெய்ரோவில் ஜெட் விமானம் ஏறுகிறவர், ஏறக்குறைய 8 மணி நேரத்தில், பிரிட்டோரியாவை அடுத்த ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிவிடுகிறார்.

இந்தத் தூரத்தை முதன்முதலில் பறந்து கடந்தவர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? மூன்று வாரங்களுக்கும் மேல்! அவர்களுக்குத் தலைவர் பியர் வான் ரைனெவெல்ட்.

படிப்பும் போரும்

இவர் 1891-ம் ஆண்டு மே 2-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் செனெக்கல் என்ற ஊரில் பிறந்தார். லண்டனுக்குப் போய் பொறியியல் படித்தார். 1914-ல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு விமானியாகி, வீரப் பதக்கங்கள் பெற்றார்.

போர் முடிந்தது. சொந்த நாட்டில் ஒரு விமானப் படையை அமைக்கும் பொறுப்பைத் தென் ஆப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் அவரிடம் ஒப்படைத்தார். வேலையை ஏற்கக் கப்பலில் போயிருக்கலாம். அவரோ ஆகாய வழியாகவே ஊர் திரும்பத் துணிந்தார்!

முதல் விபத்து

1920 பிப்ரவரி 4-ந் தேதி, "சில்வர் குவீன்" என்ற விமானம் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. உடன் வந்த விமானி குயின்டின் பிராண்ட். மேற்கூரை இல்லாத விமானம். வெயிலும் குளிரும் முகத்தில் அறைந்தன.

கெய்ரோவைத் தாண்டித் தெற்கே பறந்தபோது, இரவில் இஞ்சின் சூடேறியது. இருட்டில் இறங்கினார்கள். விமானம் நொறுங்கியது. இருவரும் உயிர் தப்பினார்கள்.

கெய்ரோவுக்குத் திரும்பி, வேறொரு விமானத்தை இரவல் வாங்கி, பிப்ரவரி 22-ந் தேதி மறுபடி கிளம்பினார்கள். சூடானையும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் கடந்து, மார்ச் முதல் வாரத்தில் புலவாயோ வந்தார்கள். அது 4,000 அடிக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பாரம் ஏற்றிய விமானத்தால் மேலே எழும்ப முடியவில்லை. அதுவும் நொறுங்கியது!

வேறு யாராக இருந்தாலும் ரயில் ஏறியிருப்பார்கள். பிரிட்டோரியாவுக்கு மிஞ்சியிருந்த தூரம் கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள். தென் ஆப்பிரிக்க அரசாங்கம் மூன்றாவது விமானத்தைக் கொடுத்தது. மார்ச் 17-ந் தேதி பிரிட்டோரியா. 20-ந் தேதி கேப் டவுன்! இங்கிலாந்திலிருந்து மொத்தம் 45 நாள். அதில் ஆகாயத்தில் இருந்த நேரம் 109½ மணிதான்.

பாதை அமைத்த கைகள்

இருவருக்கும் தலா 5,000 பவுன் பரிசும் "சர்" பட்டமும் கிடைத்தன. ஆனால் வழி நெடுக அவர்கள் இறங்குவதற்கு இடம் இருந்தது எப்படி? முந்திய ஆண்டிலேயே, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் காட்டை வெட்டினார்கள். கல்லாய் இறுகிய கறையான் புற்றுகளை இடித்துத் தள்ளினார்கள். அவர்களுடைய வியர்வையும் அந்தப் பயணத்தில் கலந்திருக்கிறது.

1932-ல் அந்த மார்க்கத்தில் பிரயாணி விமானங்கள் ஓடத் தொடங்கின.

வான் ரைனெவெல்ட் விமானப் படையை அமைத்தார்; பின்னர் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகி, 1949 வரை பதவி வகித்தார். 1972-ல் காலமானார். பிரிட்டோரியாவுக்கு அருகே ஒரு குடியிருப்புப் பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.