திப்பு சுல்தானின் வர்த்தகமும் அண்டை ராஜ்யங்களும்

திப்பு சுல்தான் என்றதும் வாளும் வேங்கையும் நம் மனக்கண்முன் தோன்றுமேயன்றித் தராசும் சரக்குக் கப்பலும் தோன்றுவதில்லை. 1782-ல் தந்தை ஹைதர் அலி காலமானபின் பட்டமெய்தி, 1799 மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்ட அவர், தம் காலத்து சுதேச மன்னர் எவரினும் மிகுதியாக வர்த்தகத்தைப் பற்றிச் சிந்தித்தவர். நம் அரூரை உள்ளிட்ட பாராமகால் சீமையும் 1792 வரையில் அவர் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், அச்சரித்திரம் இவ்வூராருக்கு அந்நியமானதன்று.

கம்பெனியாரின் பலம் பீரங்கியில் மட்டுமல்ல, பண்டகசாலையிலும் உள்ளதென்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே மஸ்கத்தில் தம் வர்த்தக சாலையை ஸ்தாபித்தார். மங்களூரிலிருந்து அரிசியும் மிளகும் ஏலமும் சந்தனமும் சென்றன. குதிரைகளும் கந்தகமும் பேரீச்சையும் வந்தன. மஸ்கத்து அதிபதி அவருடைய சரக்குகளுக்குத் தீர்வையில் சலுகை காட்டினார். கச்சு தேசத்திலும் வர்த்தக சாலைகள் ஏற்பட்டன. 1786-ல் துருக்கி சுல்தானிடம் தூதர்களை அனுப்பி, பாஸ்ரா துறைமுகத்தைத் தமக்கு விட்டால் மங்களூரைத் தாம் விடுவதாகத் தெரிவித்தார். இத்தகைய பரிவர்த்தனை யோசனை இக்காலத்து ராஜதந்திரிகளுக்கும் எளிதில் தோன்றாது! அது கைகூடவில்லை. நோயாலும் கடல் விபத்தாலும் தூது சென்றோரில் அநேகர் மடிந்தனர்.

பிற்காலத்தில் அவர் பிறப்பித்த வர்த்தக விதிகளில் ஒன்று நம்மை வியக்கச் செய்கிறது. பிரஜைகள் சர்க்கார் வியாபாரத்தில் பணம் போடலாம். 500 ரூபாய் வரை போட்டோருக்கு நூற்றுக்கு 50 வீதமும், 5,000 வரை போட்டோருக்கு 25 வீதமும், அதற்கு மேற்பட்டோருக்கு 12 வீதமும் லாபம். ஏழைக்கு அதிக லாபம் என்னும் இவ்வேற்பாட்டை நம் பாங்கி முதலாளிகள் கேட்டால் நகைப்பார்கள்.

எனினும் அவர் குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. மிளகையும் சந்தனத்தையும் சர்க்காரின் ஏகபோகமாக்கியதால் கம்பெனியார் மட்டுமின்றி உள்நாட்டு வியாபாரிகளும் நஷ்டமுற்றனர். அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. கடல் கடந்த மஸ்கத்துடன் நட்புக் கொண்டவர், எல்லையடுத்த மராட்டியருடனும் நிஜாமுடனும் நிலையான இணக்கம் காணவில்லை. 1785 முதல் 1787 வரை அவ்விருவருடனும் யுத்தமே நடந்தது. பழி அவர் ஒருவருடையதன்று; அவ்விருவரும் அவரை நம்பவில்லை. மூன்று ராஜ்யங்களின் பருத்தியும் தானியமும் மாடுகளும் தடையின்றி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் சென்றிருக்குமாயின், கம்பெனியாருக்குக் கூட்டாளிகள் அவ்வளவு மலிவாகக் கிடைத்திருப்பார்களா என்று நாம் ஐயுறுகிறோம்.

1790-ல் மூவரும் ஒன்றுகூடி அவரைத் தாக்கினர். 1792 உடன்படிக்கையில் ராஜ்யத்தில் பாதியும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் போயின; புதல்வர் இருவர் பிணையாளிகளாயினர். மிளகு விளையும் மலையாளக் கரையும் நம் பாராமகாலும் கம்பெனியார் பங்காயின. இங்கே ரீடும் மன்றோவும் வந்து நிலம் அளந்து வரி விதித்தனர். 1798-ல் மஸ்கத்து அதிபதியும் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு கம்பெனிச் சேனையோடு நிஜாமின் படையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின்மீது சென்றது.